பின்பக்கக் கதவு

"காய்ச்சலுக்கு மாத்திரை எழுதுற டாக்டருக்கு எதுக்கு ஸ்கேன் மெஷின்? போட்ட காசை நம்மகிட்டதான் கறப்பாரு."

கணவன் கவுண்டருக்கு மேலே ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலை நாலாவது முறையாகப் படித்தான்.

மனைவிக்கு இது இரண்டாவது மாதம். நேற்றிலிருந்து லேசாக ரத்தம் படுகிறது. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை.

"குழந்தை நல்லா இருக்குன்னு சொன்னா போதுங்க. எவ்வளவு வேணா வாங்கிக்கட்டும்."

இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறார்கள். சுற்றிலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பெண்கள். ஸ்கேன் முடிந்து வந்தவர்கள் எல்லோரும் கவுண்டரில் பணம் கட்டிவிட்டுத்தான் போனார்கள்.

ஒருத்தி மட்டும் கட்டவில்லை. ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்தவளை, நர்ஸ் தோளில் கை போட்டு அப்படியே பின்பக்கக் கதவு வழியாக அனுப்பிவிட்டாள். இதையெல்லாம் கவனிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

விறுவிறுவென்று நர்ஸிடம் போனான்.

"ஏன் சிஸ்டர், வேண்டப்பட்டவங்கன்னா பின்பக்கமா சும்மா அனுப்பிடுவீங்க. பணம் கட்டுற நாங்க என்ன இளிச்சவாயனுங்களா?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

நர்ஸ் சண்டைக்கு வரவில்லை. காலையிலிருந்து நின்ற அலுப்பில் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"உங்களுக்கு அந்த வழி வேணாம் சார். போய் உட்காருங்க."

"பார்த்தியா திமிரை!" என்று மனைவியிடம் வந்து பொருமினான்.

அவர்கள் முறை வந்தது. டாக்டர் கருவியை வயிற்றின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்தினார். திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"குழந்தைக்குத் துடிப்பு நின்னுடுச்சும்மா. உங்க தப்பு எதுவுமே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தரேன்."

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் பர்ஸை எடுத்தான்.

"கவுண்டர்ல எவ்வளவு..."

நர்ஸ் பர்ஸை அவன் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தாள்.

"இப்படி ஆனா டாக்டர் பணம் வாங்க மாட்டாரு சார். ஹால் வழியா வேணாம், அத்தனை புள்ளத்தாச்சிகளையும் இவங்க பார்த்துட்டே போகணும். இப்படிக் கூட்டிட்டு வாங்க" என்று பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.