திலகவதியின் பொட்டில் ஓர் ஈசல்

நாலு வருடமாக மாலை ஏழரைக்கு டிவி பக்கத்துச் சுவரில் பல்லி ஆஜராகிவிடும். தொடரின் நாயகி திலகவதி சபதம் போட்டால், அது பலிக்கட்டும் என்று 'ச்சு ச்சு' சொல்லும். அவள் முகத்தில் பூச்சி உட்கார்ந்தால், எவ்வளவு பசித்தாலும் விளம்பரம் வரும்வரை தொடாது.

அன்றும் திலகவதி அழுதுகொண்டிருந்தாள். அந்த வேடத்துக்கு இவள் மூன்றாவது நடிகை. அவள் பொட்டின்மேல் கொழுத்த ஈசல் ஒன்று வந்து உட்கார, பல்லி லபக்கென்று விழுங்கிவிட்டது.

"அடப்பாவி, அவ அழறாடா!" என்று மூலையிலிருந்து கத்தியது சிலந்தி.

"அழறாளா?" பல்லிக்கே தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு ஈசல்தான்டா தெரிஞ்சுது."

திலகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுச் சபதம் போட்டாள்.

"பரவாயில்ல, இப்பவாவது சொல்லு" என்றது சிலந்தி.

பல்லி மனதார வாயைத் திறந்தது. ஏப்பம்தான் வந்தது.