முந்திப் போன படகு

ஏரி ஒன்றில் ஒரு நீர்நாய் பாய்மரப் படகுகளைத் தானே வடிவமைத்து, பந்தயத்திலும் தானே ஓட்டி வந்தது. ஏழு வருடமாகக் கோப்பை அதன் வீட்டில்தான் இருந்தது. இந்த வருடம், நீர்நாய் செய்து கொடுத்த படகிலேயே ஒரு வாத்து போட்டிக்கு வந்தது.

கடைசித் திருப்பத்தில் காற்று பலமாக வீசியது. வாத்தின் படகு சாய்ந்து, சீறிக்கொண்டு நீர்நாயை முந்தியது.

"ஐயோ, என்ன அழகாப் போகுது! அந்த அடிப்பலகை வளைவை நான்தான் இழைச்சேன்!" என்று நீர்நாய் துள்ளிக் குதித்தது. குதித்த வேகத்தில் அதன் படகு கவிழ்ந்தது.

எல்லைக் கோட்டைத் தாண்டிய வாத்து பதறிப்போய்த் திரும்பி வந்தது. "அண்ணே, என்னால தோத்துட்டீங்களே!"

"தோத்தேனா?" தண்ணீரைத் துப்பிவிட்டு நீர்நாய் சிரித்தது. "கொஞ்சம் நகரு தம்பி, நானும் ஏறிக்கிறேன். இன்னொரு சுத்து போவோம்!"