திறந்த பஸ்ஸின் ஓர இருக்கை

பெல்ட் போட்ட, மணல் அடைத்த பொம்மை நழுவவே இல்லை. காஞ்சிபுரத்தில் பஸ் பாடி கட்டும் அர்ஜுனன், இருக்கையை ஜாக்கியால் இன்னும் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தான்.

கப்பலில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒரு தீவைச் சுற்றிக் காட்டும், பக்கங்கள் திறந்த பஸ்ஸின் இருக்கையைப் போலச் செய்தது அது. அப்படி ஒரு பஸ்ஸிலிருந்து ஒரு குழந்தை எப்படி விழுந்தது என்று தெரிய வேண்டும் எனத் துளசி வந்திருந்தாள்.

“பாரும்மா, நாலு வயசுக் குழந்தை வெயிட்டு. வளைவுல பஸ்ஸு ஆளை வெளியே தள்ளும். ஆனா சீட்டு ரெக்ஸின் குழந்தையோட துணியைப் பிடிச்சுக்கும், பெல்ட்டு இடுப்பைப் பிடிச்சுக்கும். எப்படி விழும்?”

“விழுந்துச்சுண்ணா.”

“அப்ப பெல்ட்டே போட்டிருக்க மாட்டாங்க. பெத்தவ செல்போன் பார்த்துக்கினு இருந்திருப்பா.”

துளசி பையிலிருந்து ஒரு சின்னப் பட்டுப்பாவாடையை எடுத்துப் பொம்மைக்குக் கட்டினாள்.

இந்த முறை பாதி சாய்ப்பதற்குள் பொம்மை பெல்ட்டுக்கு அடியில் வழுக்கித் தரையில் விழுந்தது.

“அட, பட்டு! ரெக்ஸின்ல பட்டு நிக்காதுமா! உனக்கு எப்படித் தோணுச்சு?”

“எம் பாப்பா அன்னைக்கு இதைத்தாண்ணா கட்டிக்கினு இருந்தா. பெல்ட்டு நான்தான் போட்டேன். என் வீட்டுக்காரர்கூட நம்பல.” அவள் பாவாடையின் மணலைத் தட்டினாள். “இதையும் நான்தான் நெய்ஞ்சேன்.”

அர்ஜுனன் இருக்கையில் இன்னொரு பட்டையைப் பூட்டினான். பட்டுப்பாவாடையோடு பொம்மையை உட்காரவைத்து முழுக்கச் சாய்த்தான். பொம்மை அசையவில்லை.

“கால் நடுவுல இந்த ஒரு பட்டை இருந்தாப் போதும்மா,” என்றான் மெதுவாக. “குழந்தை விழாது.”