ஓய்வில்லாத மெஷின்கள்

நாலு பேர் முன்னால் உங்களைத் திட்டுகிறவரே அந்தத் தப்பைச் செய்திருந்தால், சும்மா விடுவீர்களா?

லாஸ்த்ரி விடுவதாக இல்லை.

இந்தோனேசியாவின் செமராங்கில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே யார் எதை எழுதினாலும், வெளியே போகும் முன் மெஷின்கள் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மெஷின் காலியானால்தான் அடுத்த வேலை உள்ளே போகும். அதுவரை வரிசைதான். எத்தனை வேலை காத்திருக்கிறது, எத்தனை மெஷின் ஓடுகிறது என்று சுவரில் ஒரு பெரிய திரை காட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் திரைக்கு லாஸ்த்ரிதான் காவல்.

அன்று காலையிலிருந்து வரிசை நகரவில்லை. காத்திருக்கும் வேலைகளைக் காட்டும் சிவப்புக் கோடு பால் பொங்குவது போல ஏறிக்கொண்டே போனது.

பெருநாளுக்கு ஊர் போகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் விற்கும் செயலி அவர்களுடையது. அது ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்றுக்கொண்டிருந்தது. திருத்தம் எழுதியாகிவிட்டது. ஆனால் அது வரிசையில் நிற்கிறது. லாஸ்த்ரி அதை முன்னால் தள்ளிப் பார்த்தாள். மெஷின் ஒன்றுகூடக் காலியாகவில்லை.

"எம்பாக் லாஸ்த்ரி, நான் கிழவனாகறதுக்குள்ள என் வேலை உள்ள போகுமா?" என்றான் தெகூ, திருத்தத்தை எழுதியவன். எம்பாக் என்றால் அக்கா.

"நீ இப்பவே பாதிக் கிழவன்தான். கொஞ்சம் பொறு."

சிரித்தாளே தவிர, கண் திரையை விட்டு அகலவில்லை. நோன்பு நாள் வேறு. அவளுடைய ஒப்பந்தம் இந்த மாசத்தோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று ஜகார்த்தா தலைமையகம் இன்று சொல்லும். அவர்களும் இதே கோடுகளைத்தான் அங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

கதவு திறந்தது. மேலாளர் பாக் ஹர்ஜோ. மரியாதைக்கு ஆண்களை அங்கே 'பாக்' என்பார்கள், பெண்களை 'இபு'.

"என்னம்மா நடக்குது இங்க? திரையைப் பாக்கத்தானே உன்னை வெச்சிருக்கு? பாத்துக்கிட்டே இருந்தா போதுமா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லாஸ்த்ரிக்குக் காது சூடானது.

திரை எண்ணிக்கையைத்தான் காட்டும். ஓடுகிற வேலை என்ன வேலை என்று காட்டாது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் வெற்று வேலை! எதையும் சோதிக்காது, மெஷினைப் பிடித்துக்கொண்டு சும்மா சுற்றும். ஒன்று முடிந்தால் இன்னொன்று தானாக வந்து உட்காரும்.

போட்டவர் பெயரைப் பார்த்தாள். ஹர்ஜோ.

நேரே அவர் அறைக்குப் போனாள்.

"பாக், அடைச்சு வெச்சது நீங்க. அங்க வந்து என் மேல கத்துறீங்க!"

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மெதுவா பேசும்மா. கத்தாம இருந்தா எல்லாரும் என்னைத்தானே சந்தேகப்படுவாங்க?"

"எதுக்குப் பாக் போட்டீங்க?"

"போன மாசம் ஜகார்த்தாவுலேருந்து இபு மேலானி கேட்டாங்க. 'உங்க மெஷினெல்லாம் சும்மாதானே நிக்குது, அதைப் பாக்க ஒரு ஆள் எதுக்கு?'ன்னு. சரி, ஓடற மாதிரி காட்டுவோம்னு நாலு வெத்து வேலையைப் போட்டேன். அது இப்படிக் குட்டி போட்டுக்கிட்டே போகும்னு யாருக்குத் தெரியும்?"

லாஸ்த்ரி அவர் கம்ப்யூட்டர் பக்கம் கை நீட்டினாள்.

"இப்ப நிறுத்தினா மெஷின் ஓடறதைக் காட்டுற கோடு விழுந்துடும். உன் வேலை போயிடும்" என்றார். "சாயங்காலம் அவங்க பாத்து முடிக்கிற வரைக்கும் ஓடட்டும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெகூ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அதற்கும் அப்பால், துறைமுகத்தில், கைக்குழந்தையோடு ஒரே இருக்கைக்கு மல்லுக்கு நிற்கும் இரண்டு குடும்பம் அவள் மனக்கண்ணில் தெரிந்தது.

"எழுந்திருங்க பாக்."

"கொஞ்சத்தை மட்டுமாவது விட்டு வையேன்."

"ஒண்ணை விட்டாலும் மறுபடி குட்டி போடும்."

அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து அத்தனையையும் அழித்தாள்.

"போயிடுச்சு! உள்ள போயிடுச்சு!" வெளியே தெகூ கத்தினான்.

காத்திருந்ததெல்லாம் மளமளவென்று முடிந்தது. சிவப்புக் கோடு தரையைத் தொட்டது. கூடவே ஒவ்வொரு மெஷினாகச் சும்மா நின்றது.

போன் அடித்தது. ஜகார்த்தா. பாக் ஹர்ஜோ ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன பாக், திடீர்னு எல்லா மெஷினும் படுத்துருச்சு?" இபு மேலானியின் குரல்.

லாஸ்த்ரி முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அதுதான் நிஜம், இபு. இத்தனை நாள் பொய்யா ஓட்டினது நான். அதனால கப்பல் டிக்கெட் வேலை கெடுதுன்னு தெரிஞ்சதும், தன் பொழப்பு போனாலும் போகட்டும்னு நிறுத்தினது லாஸ்த்ரி." ஹர்ஜோ போனை நோக்கிக் குனிந்தார். "மெஷினை வேணா பாதி எடுத்துக்குங்க இபு. ஆளை மட்டும் எங்ககிட்டயே விட்டுடுங்க."