ஜைலூ போனவர்கள்

"கையெழுத்துப் போடுங்க எஜே. ஆறு மணிக்குள்ள அனுப்பியாகணும்."

காசநோய்ப் பிரிவின் டாக்டர் எர்மெக் இதோடு மூன்று தடவை சொல்லியாயிற்று. எதிரே நர்ஸம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். எஜே என்றால் அக்கா. நாரின் என்கிற மலைப்பக்கத்து ஊரின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் கூட்டுகிறவர் வரை எல்லாருக்கும் அவள் எஜேதான். நோயாளிகள் பதிவேடு அவள் பொறுப்பு. அதனால் விண்ணப்பத்தில் அவள் கையெழுத்தும் வேண்டும்.

எர்மெக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. வளரும் நாட்டு டாக்டர்கள் வெளிநாட்டில் ஒரு வருஷம் தங்கி ஆய்வு செய்ய உதவித்தொகை. முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் கேட்க முடியாது. அவனுக்கு அடுத்த மாதம் முப்பத்தாறு.

ஆய்வுப் பொருளும் அல்வா மாதிரி கிடைத்திருந்தது. பதிவேட்டைப் புரட்டி அவனே எண்ணினான். கோடை மூன்று மாதமும் முப்பத்தொரு பேருக்கு நேரே, வந்து மருந்து சாப்பிட்டதற்கான டிக் இல்லை. 'ஜைலூ' என்று ஒரே ஒரு சொல். ஜைலூ என்றால் மலை மேல் இருக்கிற மேய்ச்சல் நிலம். ஆட்டையும் குதிரையையும் ஓட்டிக்கொண்டு மேலே போனவர்கள் மருந்தை அம்போ என்று விட்டுவிட்டார்கள்.

"என்ன எஜே, தப்பா ஏதாவது இருக்கா?"

"'பொறுப்பில்லாத நோயாளிகள்'னு எழுதியிருக்கீங்களே."

"பின்ன? மாத்திரை சாப்பிடாம மலை ஏறினவங்களுக்கு மெடலா குத்துறது?"

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன் தம்பி."

அவனுக்குச் சுருக்கென்றது. காரணம் தெரியாதா என்ன? கோடை வந்தால் வெள்ளிக்கிழமை மத்தியானமே இந்த அம்மாவைக் காணோம். திங்கள்கிழமை முகம் கன்றி, குதிரை வாடையோடு வந்து நிற்பாள். மேலே சொந்தக்காரர்கள் கூடாரத்தில் உட்கார்ந்து, புளித்த குதிரைப்பால் குடித்துக்கொண்டு உல்லாசம். வயதில் பெரியவள் ஆயிற்றே என்று இரண்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

"புரியுது எஜே. நோயாளிங்க போனப்ப நர்ஸ் எங்க போயிருந்தாங்கன்னு கேப்பாங்க. அந்த பயம்தானே?"

"அந்த பயமும் இருக்கு."

"வெள்ளிக்கிழமையானா நீங்க எங்க போறீங்கன்னு நான் எழுதல. எழுதியிருக்கலாம்."

"எழுதாதீங்க தம்பி. வேலை போயிடும்."

அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து வேறொரு நோட்டை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"பதிவேட்டைப் பார்த்தீங்க, சரி. செப்டம்பர் மாசச் சளிப் பரிசோதனையைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. மருந்தை விட்டவர்களுக்கு என்ன பரிசோதனை வேண்டிக் கிடக்கிறது என்று விட்டுவிட்டான். இப்போது விரலை வைத்துக்கொண்டு வந்தான். கிருமி இல்லை. கிருமி இல்லை. அடுத்த பக்கத்திலும் அதேதான். முப்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேருக்குக் கிருமி இல்லை.

"மீதி ரெண்டு பேர்?"

"மாம்பெத் குதிரையிலருந்து விழுந்து போய்ச் சேர்ந்துட்டார், பாவம். இன்னொருத்தி கல்யாணம் கட்டிக்கிட்டு பிஷ்கெக் பட்டணத்துக்குப் போயிட்டா. அங்க ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறா. போன் பண்ணிக் கேட்டேன்."

"மூணு மாசம் மருந்தை விட்டுட்டு எப்படி எஜே இது?"

"விட்டாங்கன்னு யாரு சொன்னா? இங்க வந்து என் கண்ணு முன்னாடி முழுங்கினாத்தான் டிக் போடலாம். அதான் உத்தரவு. நான் கூடாரத்துக்குப் போய்க் கொடுத்துட்டு இங்க டிக் போட்டா அது பொய். வெறுமனே விடவும் மனசு வரல. அதான் ஜைலூன்னு எழுதி வச்சேன். அது அவங்க போனதுக்கு இல்ல தம்பி. நான் போனதுக்கு."

"மாத்திரையை வாசல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாதே."

"அதான் வேலை போயிடும்னேன். வாரத்துக்கு எண்ணிக் கொடுத்துட்டு வருவேன். காலையில குதிரை கறக்கிறதுக்கு முன்னாடி முழுங்கிடணும்னு பேச்சு. டிமிக்கி கொடுத்தா பொண்டாட்டிமாருங்க என்கிட்ட போட்டுக் கொடுத்துடுவாங்க."

எர்மெக்குக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவளோ வேறு கவலையில் இருந்தாள்.

"உங்க வெளிநாட்டுப் பயணத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேனா தம்பி?"

"இல்ல எஜே. இப்பத்தான் ஆராயறதுக்கே ஒரு விஷயம் கிடைச்சிருக்கு."

முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தான். மாத்திரை மலைக்குப் போகலாம், இதுவரை போனதற்கும் பிரிவின் டாக்டர் நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினான். அவள் அதை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு விண்ணப்பத்துக்கு வந்தான். 'பொறுப்பில்லாத' என்பதை அடித்தான். ஏழாவது கேள்வி: 'இந்தப் பிரச்சினைக்கு உங்கள் பகுதியில் ஏற்கெனவே யாராவது வழி கண்டிருக்கிறார்களா?' காலையில் கொட்டை எழுத்தில் 'யாருமில்லை' என்று எழுதியிருந்தான். அதையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதப் போனான். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன யோசனை? ஆறு மணி ஆகப்போகுது."

இரண்டு வருஷமாக ஒரே அறையில் வேலை. டாக்டர் தலையைச் சொறிந்தான்.

"எஜே, உங்க பேர் என்ன?"