இறங்காத கோடு

பல் தேய்த்தான், குளித்தான், டீ குடித்தான். பிறகு எலெக்ட்ரிக் கடைக்குப் போய், கரண்ட் மீட்டர் வயரைக் கவ்விக்கொள்ளும் சென்சார் ஒன்றை எடுத்தான்.

"இதோட, ஓடுற கரண்டை மணிக்கு ஒரு தடவை பதியற லாகர் போதுமா சார்?" என்றார் கடைக்காரர்.

"போதாது. யாரு எப்போ கரண்டை இழுக்கிறாங்கன்னு நிமிஷக்கணக்கா தெரியணும்."

"வீட்டம்மா மேல அவ்வளவு சந்தேகமா?" கடைக்காரர் சிரித்தார். அவன் பணத்தை எடுத்து நீட்டினான்.

வீட்டில் சென்சாரை மாட்டி, எல்லா ஸ்விட்சையும் அணைத்தான். லாகரில் கரண்ட் ஓடுவதைக் காட்டும் கோடு இறங்கவில்லை. மாடியில் வீட்டு ஓனரின் ஏசி நின்ற அதே நிமிடம் கோடு சரிந்து பூஜ்யத்தைத் தொட்டது.

"உன் சம்சாரம்தான் பகலெல்லாம் ஏசி போடுது தம்பி" என்று பில் வரும்போதெல்லாம் சொன்னவர் அவர்தான். அவரை அண்ணன் மாதிரி நம்பி, இவன் மனைவியிடம் கத்தியிருக்கிறான்.

அவள் இறந்த பிறகும் பில் குறையவில்லை. அதனால்தான் சென்சார்.

ஆஸ்பத்திரியின் ஏசி அறையில் அவள் கடைசியாகச் சொன்னது: "அந்த ஏசியை நிறுத்தச் சொல்லுங்க. பில் ஏறிடப்போகுது."