சத்தம் வராத கல்யாணம்

"கல்யாண வீடியோன்னு சொன்னீங்க. இதுல பிரின்டர் சாஃப்ட்வேர்தான் இருக்கு" என்று பென் டிரைவை உருவி மேஜைமேல் போட்டார் ஸ்டுடியோக்காரர். போட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எறிந்தார்.

எதிரே நின்ற பெண் அசையவில்லை. அதை எடுத்து மறுபடியும் அவர் கையிலேயே திணித்தாள். மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் அது ஓடியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். வேலை தெரிந்தால் செய்யட்டும், தெரியாவிட்டால் போர்டைக் கழற்றிவிட்டு வேறு தொழில் பார்க்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

கடை திறந்ததிலிருந்து இதே மல்லுக்கட்டுதான். சாயங்காலத்துக்குள் வீடியோவை டிஸ்க்கில் ஏற்றி ஓரிடத்தில் கொடுத்தாக வேண்டுமாம். தவறினால் எல்லாம் போச்சாம். இந்தக் காலத்தில் டிஸ்க்கை யார் கேட்கிறார்கள் என்றதற்கு, கேட்கிற இடத்தில் கேட்கிறார்கள் என்று வெடுக்கென்று பதில் வந்தது.

அவள் வந்ததும் வராததுமாகப் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று விசாரித்திருந்தார். மாப்பிள்ளை வீடு என்று அவள் சொன்ன தோரணையிலேயே அவருக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளைக்கு அக்காவாக இருக்கும் என்று முடிவு கட்டினார். இவ்வளவு அதிகாரம் அக்காக்களுக்குத்தான் வரும்.

டிஸ்க் தயாரிக்கும் சாஃப்ட்வேரில் அந்த ஃபைலை இழுத்துப் போட்டால், இந்த வகையை ஏற்க முடியாது என்று சிவப்பு எழுத்தில் திருப்பித் தள்ளியது. அப்போதுதான் அதன் அளவு அவர் கண்ணில் பட்டது. ஒரு முழுப் படத்தின் கனம் இருந்தது. எந்தப் பிரின்டருக்கு இவ்வளவு பெரிய சாஃப்ட்வேர்? ஃபைல் பெயரின் வாலில் இருந்த எழுத்துகளை அழித்துவிட்டு, வீடியோவுக்கு உரிய வாலை ஒட்டினார். படம் சமர்த்தாக வந்து உட்கார்ந்தது.

"பேரை மாத்தினா ஃபைல் மாறிடுமா? யாரு இந்த வேலையெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"நான் மாத்தல. அவர்தான் இப்படி மாத்தி வெச்சிருந்தார்."

கல்யாண வீடியோவுக்குப் பிரின்டர் பெயர் வைக்கிற மாப்பிள்ளையும் உலகத்தில் உண்டு போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடவிட்டார்.

படம் வந்தது, சத்தம் வரவில்லை. ஏதோ ஒரு பதிவு அலுவலகம். கோட்டுப் போட்ட மாப்பிள்ளை, பக்கத்தில் தலைகுனிந்த பெண், எதிரே அதிகாரி. எல்லோரும் மீன் மாதிரி வாயை மட்டும் அசைத்தார்கள். அந்த ஒலி இந்த சாஃப்ட்வேருக்கு ஒத்துக்கொள்ளாத வகை. தனியே பிரித்து மாற்றி எடுக்க நேரம் பிடிக்கும். நல்ல பாட்டாக ஒன்றைப் போட்டு உடனே முடித்துத் தருகிறேன், எல்லோரும் அதைத்தான் விரும்புவார்கள் என்றார்.

"பாட்டைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க. அவர் பேசறது கேக்கணும்."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. முகப்பில் மணமக்கள் படம் வைக்கட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாள். பெண்ணின் முகம் திரையில் வரும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். டிஸ்க்கிலேயே இப்படி என்றால் வீட்டில் இந்த நாத்தனார் என்ன பாடு படுத்துவாளோ என்று, முன்பின் தெரியாத அந்தக் கல்யாணப் பெண்ணுக்காக அவர் மனம் பொங்கியது. அந்தக் கோபத்தோடேயே ஒலியை மாற்றப் போட்டார்.

அது நத்தையாக ஊர்ந்தது. உட்காரச் சொன்னதற்கு அவள் உட்காரவில்லை. அவரும் இரண்டாம் தடவை சொல்லவில்லை. ஒருவர் மூச்சு ஒருவருக்குப் பிடிக்காமல் இருவரும் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவழியாகச் சத்தம் வந்தது. உதடும் பேச்சும் பிசகாமல் ஒட்டின. அதிகாரி வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனார், மாப்பிள்ளை பதில் சொல்லிக்கொண்டே போனான். எத்தனையோ பதிவுக் கல்யாண வீடியோக்களில் கேட்டுப் புளித்துப்போன கேள்விகள் என்பதால் ஸ்டுடியோக்காரர் காதிலேயே வாங்கவில்லை. ஏதோ ஒன்றுக்கு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே "இல்லைங்க" என்றபோது அவள் சட்டென்று கையை உயர்த்தினாள்.

"நிறுத்துங்க. இதுதான். ஒண்ணும் வெட்டாம அப்படியே மூணு காப்பி போடுங்க."

அவருக்குப் பொறுக்கவில்லை. இந்த ஒரு வார்த்தைக்கா காலையிலிருந்து என் உயிரை வாங்கினீர்கள் என்று எகிறினார். ஊரில் எவனுமே கல்யாணம் பண்ணாத மாதிரி அப்படி என்ன அதிசய மாப்பிள்ளை என்றும் கேட்டார்.

"அந்த ஆளுக்கு நீங்க என்னதான் வேணும்? அக்காவா, சித்தியா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப சிரிச்சுக்கிட்டே இல்லைன்னு சொன்னாரே, அந்தப் பொண்டாட்டி."